முன்கண்ணாடியில் ஒட்டிய பின்நோக்குக் கண்ணாடி: ஓசூர் வட்டாரத்தில் அதன் உதிர்வும் மீள்நிறுவலும்

ஓட்டுநருக்கு முன்னால் தொங்கிப் பின்னால் வருவதைக் காட்டும் சென்டர் மிரர், திடீரெனப் பிடிவிட்டு அவர் மடியிலோ கியர் கம்பியின் மேலோ விழுவதை இவ்வாய்வு ‘உதிர்வு’ எனக் குறிக்கும். அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் ஆலை நடத்தும், வாகனம் செய்வதிலேயே வயிறு வளர்க்கும் ஓசூரில் இவ்வுதிர்வு நிகழ்வானேன் என்பதை அறிஞர்கள் இதுவரை ஆராயாதது வியப்பளிக்கிறது.

1911-இல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் தம் காரில் இத்தகைய கண்ணாடியைப் பொருத்தி ஓட்டி வென்றார். ஆனால் செங்கல் பாவிய தளத்தின் அதிர்வில் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னதாகக் கூறுவர். உதிர்ந்த கண்ணாடியை டேஷ்போர்டில் போட்டுவிட்டு மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை போய்வருவோருக்கு இதுவே மேற்கோள்.

உதிர்வின் காரணம் பட்டனில் உள்ளது. பட்டன் என்பது முன்கண்ணாடியில் ஒட்டப்படும் சிறு உலோகத்துண்டு. கண்ணாடியின் கை அதன்மேல் செருகப்பட்டுத் திருகால் இறுக்கப்படும். முதல் ஷிப்ட் முடியும்வரை சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் வெயில் காயும் வண்டியில் பட்டனின் உலோகம் முன்கண்ணாடியைவிட அதிகமாக விரிகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊரின் இரவுக் குளிரில் மீண்டும் சுருங்குகிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் உடனடிப் பசை இறுகியபின் வளையாது, நொறுங்கும் இயல்புடையதாகையால், இந்த இழுபறியை அதிக நாள் தாங்குவதில்லை. போதாக்குறைக்குத் ‘தொங்கல்’, அதாவது கண்ணாடியின் கையில் பக்தியால் ஏற்றப்படும் சுமை. கர்நாடகமும் ஆந்திரமும் தொடும் மாவட்டமாதலால் முருகனின் வேலும் சாமுண்டியும் திருப்பதிப் பெருமாளும் ஒரே பட்டனை நம்பித் தொங்குவதுண்டு. ஆயுத பூஜையன்று சாமந்திச் சரமும் சேரும். இப்பாரத்தில் எந்த மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்பது, தென்பெண்ணை ஆற்று நீர்ப் பங்கீட்டைப் போலவே, நடுவர் மன்றம் தீர்க்கவேண்டியது.

அதே முன்கண்ணாடியில், அதே வெயிலில், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கென ஒட்டிய ஃபாஸ்டேக் மட்டும் உதிர்வதில்லையே என்று கேட்கப்படலாம். பணம் பிடிப்பது எளிதில் கழலாது என்னும் மக்கள் விளக்கம் கவர்ச்சியானதே; எனினும் அகலமாக ஒட்டிய எடையற்ற தாளையும், நாணயமளவு இடத்தில் ஒட்டி நெம்புகோலாய் இழுபடும் கண்ணாடியையும் ஒப்பிடுவது முறையன்று.

மீள்நிறுவல் எளிது. பட்டன் இருந்த இடத்தை வெளிப்புறத்தில் மார்க்கரால் குறித்து, பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஊக்கி எனப்படும், பசையை இறுகத் தூண்டும் திரவத்தைத் தடவி, அதற்கென்றே விற்கும் பசை ஒரு துளியிட்டு, பட்டனைத் தலைகீழாகிவிடாமல் ஒரு நிமிடம் அழுத்தவேண்டும். பிறகு குறைந்தது கால் மணி நேரம், சில பசைகளுக்கு ஓர் இரவு, கண்ணாடியை மாட்டாமல் காத்திருக்கவேண்டும். ஆய்வு தடுமாறுவது இவ்விடத்தில்தான். ஆலைக்குள் பசை இறுகும் நேரத்தை நொடி பிசகாமல் மதிக்கும் கைகளே ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டிக்கு அந்த மரியாதையைத் தருவதில்லை. வட்டார வழக்கில் காத்திருத்தலின் அலகு ஒரு டீ. அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே ஒட்டுபவர் மூன்று டீ குடிக்கவேண்டும் என்றும், இரண்டாவதற்குப் பின் பட்டனை அசைத்துப் பார்க்கலாகாது என்றும் இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.