அம்மிணி மிசின் வாங்கியிருக்கா

சேதி வந்துருச்சு அம்மிணி. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஓடற ஓட்டத்துக்கு நடுவுல நீ தையல் மிசின் வாங்கிப் போட்டிருக்கறதும், ரவிக்கை, பாவாடையெல்லாம் வேண்டாம், நேரா ஒட்டுத்துணிப் போர்வைதான்னு சபதம் எடுத்திருக்கறதும் உன்ற அம்மா சொன்னா. "அப்புச்சிகிட்டச் சொல்லாதே, நக்கல் பண்ணுவாரு"ன்னு நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னா. ஆயுசு முச்சூடும் துணிக்கடைத் திண்ணையில மிசின் மிதிச்சவன் நான். நக்கல் பண்ண எனக்கில்லாத பாத்தியதை வேற யாருக்கு இருக்குது? காதைக் குடு.

போட்டோ பார்த்தேன். அடேங்கப்பா! பட்டனைத் தட்டினா பூத்தையல், இலைத்தையல், வாத்துக்குஞ்சுத் தையல்னு வரிசை கட்டி நிக்குது. நான் சம்பாதிச்ச கூலி அத்தனையும் நேர்த்தையல் ஒண்ணுல வந்தது. உன்ற போர்வைக்கும் அது ஒண்ணுதான் வேணும். வாத்துக்குஞ்சு சும்மா கிடக்கட்டும், அதுக்கும்தான் காசு குடுத்தாச்சு. அப்பறம் உருளைக் கத்தி, அதுக்கு அடியில போடப் பச்சைப் பாய், கண்ணாடி மாதிரி ஸ்கேலு, பொட்டி பொட்டியா நூலு. அலமாரியில துணி கலர் வாரியா அடுக்கியிருக்குது. சின்னதா ஒரு ஜவுளிக்கடையே வெச்சுப்போடலாம். குறைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணு, மிசின் மேல போட்டு வந்த பிளாஸ்டிக் கவரை இன்னும் எடுக்கலை.

மாசத் தவணையில வாங்கினேன்னு வெக்கப்படாதே. தையல் மிசினும் தவணையும் கூடப் பொறந்ததுக. சிங்கர் கம்பெனி அமெரிக்காவுல 1856-லயே தவணைக்கு மிசின் வித்திருக்குது. அந்த ஐசக் சிங்கரு 1851-ல காப்புரிமை வாங்கின ஆளு. நம்ம காந்தி இருக்காரே, மிசினுன்னாலே முகத்தைச் சுளிக்கறவரு, 1924-ல ஒரு பேச்சுல சிங்கர் தையல் மிசினுக்கு மட்டும் விலக்குக் குடுத்துட்டாரு. பொண்டாட்டி கையால தைச்சுத் தைச்சு ஓயறதைப் பார்த்து, அவ மேல இருந்த பிரியத்துல சிங்கரு செஞ்ச சாமான் இதுன்னு காரணமும் சொன்னாரு. மகாத்மாவுக்கு நல்ல மனசு. சிங்கருக்கு குடும்பம் ஒண்ணுக்கு மேல, புள்ளைக இருபதுக்கு மேல. எந்தப் பொண்டாட்டி மேல பிரியம்னு காந்தி கேட்கலை, நாமளும் கேட்க வேண்டாம். இத்தனை உருப்படிக்குத் துணி தைக்கோணும்னா மனுசனுக்கு மிசின் வேண்டித்தானே இருந்திருக்கும்?

உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. உன்ற கஷ்டம் நேரம். "நேரமே இல்லை அப்புச்சி"ங்கறே. ஆனா அடுத்தவ தைக்கறதைப் போன்ல பார்க்க ராத்திரி பன்னண்டு வரைக்கும் நேரம் இருக்குது. அந்தப் பொண்ணு பத்து நிமிசத்துல போர்வையை முடிச்சுத் தோள்ல போட்டுக்கறா. நடுவுல பிரிச்ச தையலை, அறுந்த நூலை, ஒடிஞ்ச ஊசியை அவ படத்துல காட்டுவாளா?

சொல்றேன் கேளு. மிசினைப் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சா அது பூட்டினபடியேதான் கிடக்கும். வெளிய எடுத்து, மேசை தேடி, நூல் கோத்து முடிக்கறதுக்குள்ள ஆபீசுல இருந்து போன் வந்துரும். சன்னலோரமா ஒரு மூலையைப் புடிச்சு, நூல் கோத்த மிசினை நிரந்தரமா உட்கார வெச்சுப்போடு. வீட்டுக்காரன் மொணங்குவான். அவன் வாங்கி வெச்ச உடற்பயிற்சி சைக்கிள்ல துண்டு காயுதே, அதைக் காட்டு.

வெட்டறதையும் அடிக்கறதையும் ஒரே நாள்ல வெச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை ஒரு பொழுது குந்தி எல்லாச் சதுரத்தையும் வெட்டி, ஜோடி போட்டு டப்பாவுல அடுக்கிடு. மத்த நாள்ல கால் மணி நேரம் கிடைச்சாக் கூட ரெண்டு ரெண்டா அடிச்சுத் தள்ளலாம். ஒரு ஜோடி முடிஞ்சதும் நூலை வெட்டாதே. அப்படியே அடுத்த ஜோடியை, துணியை அமுக்கற புட்டுக்கு அடியில குடு. தோரணமா வந்து விழும். பொறவு சாவகாசமா வெட்டிக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில பார்த்திருக்கியா? அடிக்கறவ ஒருத்தி, பிசிறு வெட்டறவ ஒருத்தி. உங்க வீட்டுல பிசிறு வெட்டற சோலி உன்ற பையனுக்கு. காசு குடுத்தா வெட்டுவான், இந்தக் காலத்துப் பயலுக.

ராத்திரி பத்துக்கு மேல மட்டும் மிசின்ல குந்தாதே. அந்நேரத்துல அடிச்ச தையலைப் பிரிக்கவே அடுத்த நாள் கால் மணி சரியாப் போயிரும்.

இப்ப பழக்கம். எடுத்த எடுப்புல துணியைத் தொடாதே. பையனோட கோடு போட்ட நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, நூல் கோக்காத வெறும் ஊசியில கோட்டு மேலயே ஓட்டு. ஊசி போட்ட ஓட்டை கோட்டு மேல இருக்குதா, ஊருக்குப் போயிருக்குதான்னு தாளே சொல்லீரும். கடைக்கு வந்த பயலுகளையெல்லாம் நான் அப்படித்தான் பழக்கினேன். அழுதானுக. அப்பறம் சதுரம் போட்டு, சதுரத்துக்குள்ள சதுரம் போட்டு ஓட்டு, மூலையில ஊசியைத் தாளுக்குள்ள நிறுத்தி, புட்டைத் தூக்கித் திருப்பக் கை வரும். தாள்ல ஓட்டின ஊசியை மறுபடி துணிக்குப் போடாதே, முனை மழுங்கியிருக்கும்.

ரவிக்கையை விட்டுட்டுப் போர்வைக்குப் போனியே, அந்த ஒரு விசயத்துல புத்திசாலி நீ. போர்வைக்குக் கக்கம் கிடையாது, கழுத்து கிடையாது, "மார்ல புடிக்குது"ன்னு புகார் சொல்ல வாய் கிடையாது. எல்லாம் நேர்கோடு. ஆனா நீ நினைக்கற பெரிய கட்டில் போர்வை முதல்ல வேண்டாம். தலகாணி உறை ஒண்ணு, தூக்குப்பை ஒண்ணு, அப்பறம் தொட்டில் புள்ளைக்கு விரிப்பு. யாருக்குத் தொட்டில் புள்ளைன்னு கேட்காதே, நம்ம சொந்தத்துல எப்பவும் ஒண்ணு இருக்கும்.

மிசின் மக்கர் பண்ணும். பண்ணினதும் சர்வீஸ்காரனைக் கூப்பிடாதே. துணிக்கு அடியில நூல் கொச கொசன்னு சுருண்டு கிடந்தா எல்லாரும் பாபினைத்தான் திட்டுவாங்க. பாவம், பாபின் மேல குத்தமில்லை. மேல் நூலுதான் டென்சன் தட்டுக்குள்ள சரியா உட்காரலை. புட்டைத் தூக்கி வெச்சுட்டு நூல் கோக்கோணும், அப்பத்தான் தட்டு வாயைத் திறந்து நூலை உள்ள விடும். புட்டை இறக்கிட்டுக் கோத்தா வாயை மூடிக்கும். உன்ற மாமியாருக்கு நேர் எதிர்னு வெச்சுக்கோ. தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசியை மாத்து. பருத்திச் சேலைத்துணிக்கு 14-ம் நம்பர், மெல்லிசா இருந்தா 11, பழைய ஜீன்ஸ் பேன்ட்டு ஒட்டறதா இருந்தா 16. ரெண்டாயிரம் ரூபாய்க்குத் துணி வாங்கறவங்க ஊசி மாத்தக் கணக்குப் பார்க்கற அதிசயத்தை நான் நெம்பப் பார்த்திருக்கேன்.

துணியைப் பத்திப் பேசுவோம். ஈரோட்டுல வாரச் சந்தைக்கு வா, திங்கக்கிழமை சாயங்காலம் போனா செவ்வாக்கிழமை வரைக்கும் துணிக்குள்ளயே சுத்தலாம். ஆனா உன்ற அம்மா பீரோவைத் தாண்டி எதுக்கு வர்றே? துவைச்சுத் துவைச்சு நைஞ்சு போன பருத்திச் சேலைக்கு ஈடு எதுவும் இல்லை. சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு, போக வேண்டிய சாயம் போயாச்சு. புதுத்துணின்னா வெட்டறதுக்கு முன்னால தண்ணியில நனைச்சுக் காயப்போட்டு, அப்பறம் வெட்டு. செவப்புத் துணியைத் தனியா நனை. அதை நம்பி வெள்ளையோட சேர்த்துத் தைச்சவங்க வீட்டுல போர்வை முச்சூடும் ரோஸ் கலரு. திருப்பூர் பனியன் கட்பீஸ் கிலோக் கணக்குல மலிவாக் கிடைக்குதுன்னு தூக்கிட்டு வந்துராதே, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும். பழகின கைக்கே தண்ணி காட்டும்.

அந்த அமெரிக்காக்காரங்க போர்வையைப் போன்ல காட்டினியே, அலபாமாவுல ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு. தோட்டத்துல உழைச்ச கறுப்பினப் பொம்பளைக, நைஞ்ச வேலை உடுப்பைக் கிழிச்சு ஒட்டினது. 2002-ல நியூயார்க்குல விட்னி மியூசியத்துல மாட்டினாங்க, 2006-ல தபால் தலையே போட்டாங்க. கோடு கோணல், சதுரம் சதுரமா இல்லை, ஆனாக் கண்ணை எடுக்க முடியலை. கர்நாடகத்துல எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சனங்க, ஆப்பிரிக்காவுல இருந்து வந்த வம்சம், கவந்தின்னு தைக்கறாங்க. பழஞ்சேலை ஒண்ணை அடியில விரிச்சு, ஓரத்துல ஆரம்பிச்சுக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டு சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணிப்பூ வெக்காம முடிக்க மாட்டாங்க. அவங்ககிட்டப் பச்சைப் பாயும் இல்லை, உருளைக் கத்தியும் இல்லை. அதைப் பார்த்துட்டு "நானும் கோணலாத் தைக்கறேன், கலை"ன்னு ஆரம்பிச்சுராதே. கோணலை அவங்க கைக்குத் தெரிஞ்சு போட்டாங்க. உனக்கு அது தானா வந்துரும்.

கணக்குக்கு வர்றேன், இதை மட்டும் சிரிக்காமச் சொல்றேன். அஞ்சு இஞ்சு சதுரம் வெட்டினா, சுத்தியும் கால் இஞ்சு தையலுக்குப் போயி நாலரை இஞ்சு நிக்கும். வரிசைக்குப் பத்துச் சதுரம்னா முடிஞ்ச பொறவு நாப்பத்தஞ்சு இஞ்சு அகலம். கால் இஞ்சுன்னா எங்க கணக்குல ரெண்டு நூலு. நீ அசந்து அரை நூலு எச்சா எடுத்து அடிச்சேன்னு வை. அரை நூலு கண்ணுக்கே தெரியாது. ஒரு தையலுக்கு இக்கட்ட அரை, அக்கட்ட அரை, ஆக ஒரு நூலு. பத்துச் சதுரத்தைச் சேர்க்க ஒம்பது தையல். ஒம்பது நூலு போச்சு, ஒரு இஞ்சுக்கு மேல! அடுத்த வரிசையை நல்ல புள்ளையாச் சரியா அடிச்சிருப்பே. ரெண்டையும் சேர்க்க வெக்கறப்ப ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. அதனால கால் இஞ்சு எடுத்தாலும் சரி, கூடக் குறைய எடுத்தாலும் சரி, கடைசி வரைக்கும் அதையே எடு. தப்பா அடிக்கறதா இருந்தா ஒரே மாதிரித் தப்பா அடி. மிசின் தட்டு மேல ஒரு டேப்பை ஒட்டிக்கோ, துணி ஓரம் அதை உரசிக்கிட்டே போகட்டும். ஊசியைப் பார்த்து அடிக்காதே, டேப்பைப் பார்த்து அடி.

ஒவ்வொரு தையல் முடிஞ்சதும் இஸ்திரிப் பொட்டி. இழுத்துத் தேய்க்காதே, சதுரம் சாய்சதுரமாப் போயிரும். தூக்கி வெச்சு அமுக்கி எடு. உங்களை மாதிரிப் பழகறவங்க எல்லாரும் ஏமாத்தற இடம் இதுதான். மிசின் சத்தம் கேட்டாத்தான் வேலை நடக்கறதா நினைப்பு. எங்க கடையில பாதிக் காசு இஸ்திரிப் பொட்டி சம்பாதிச்சது, பேரு மட்டும் எனக்கு.

மேல் துணி தயாராயிருச்சா, இப்ப அடுக்கு. கடையில பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு விக்கறான், கனமா, பொசு பொசுன்னு. சென்னை வெயிலுக்கு அதைப் போத்தினா ஆள் வெந்துருவே. நடுவுல ஒரு பழஞ்சேலையை மடிச்சு வை, போதும். நம்ம வீட்டுல புள்ளை பெத்தவளுக்கு விரிச்சதெல்லாம் அப்படித்தான், நாலு சேலையை அடுக்கி உன்ற அம்மாயி கையால ஓட்டினது. மூணு அடுக்கையும் தரையில விரிச்சு, சுருக்கம் நீவி, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பார்க்க நீளத் தையலா நூலோட்டம் போடு. அது தற்காலிகம், கடைசியில உருவிக்கலாம். அப்பறம் அடி. நாலு விரக்கடைக்கு ஒரு தையல் வரி இருந்தாச் சேலை உள்ள நகராது. ஓரத்துக்குப் பட்டி மடிச்சு அடி. அவ்வளவுதான் போர்வை. ஆறு மாசம் ஆகும், உன்ற ஆபீசு இருக்கற லட்சணத்துக்கு ஒரு வருசம்னு வை.

முடிச்சுக் குடுக்கறப்ப வாயை மட்டும் கட்டிக்கோ. "இங்க கொஞ்சம் கோணிப்போச்சு, அங்க சதுரம் சேரலை"ன்னு நீயே விரல் வெச்சுக் காட்டாதே. வாங்கறவங்க கண்ணுக்கு அது தெரியாது. நீ காட்டினா அப்பறம் அவங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். சட்டையில ஒரு பக்கக் காலர் அரை நூலு எச்சாப் போனதை நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, எத்தனை மாப்பிள்ளைக கண்ணாலத்தன்னைக்கு மேடையேறியிருக்க மாட்டானுக!

பெரிய ஆபத்து இனிமேத்தான் இருக்குது. நீ தைக்கறேன்னு தெரிஞ்சதும் சித்தி கிழிஞ்ச பாவாடையைக் கொண்டாருவா, எதுத்த வீட்டுக்காரி ரவிக்கைக்கு ரெண்டு தையல் பிரிக்கச் சொல்லுவா, பள்ளிக்கூட நாடகத்துக்கு மயில் வேசம் தைக்கச் சொல்லி நாலு தாய்மாருங்க நிப்பாங்க. எல்லாம் "சும்மா ஒரு தையல்தானே". முடியாதுன்னு சொல்லாதே, சொந்தம் கெட்டுப்போகும். வாங்கி வை. கேட்டா "நாளைக்குச் சாயங்காலம்"னு சொல்லு. நாளைக்கு வந்தா "கரண்ட் இல்லீங்க"ன்னு சொல்லு. அதுக்கும் மறுநாள் வந்தா "எல்லாம் ஆயிருச்சுங்க, காஜா மட்டும்தான் பாக்கி"ன்னு சொல்லு. பாவாடைக்கு ஏது காஜான்னு ஒருத்தியும் கேட்க மாட்டா.