குறிஞ்சியில் தூண்டில்: ராகலைப் பக்கம் மீன் அகப்படாமை குறித்த ஓர் ஆய்வு

மீன் பிடிப்பது எப்படி என்று எழுதியவர்கள் ஏராளம். பிடிக்காமல் திரும்புவது எப்படி என்று எழுத முன்வந்தவர்கள் குறைவு; அதில் தேர்ச்சி பெற்றவர்கள்தான் எண்ணிக்கையில் கூட. இந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், இலங்கை மலையகத்து ராகலையில் தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு தோட்டத்துக் குளம். ஆய்வுப் பொருள், கார்ப் மீன். ஆய்வு நாள், ஞாயிறு. பிரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாளில் ஆராய்ச்சி நடக்காது.

முதலில் இலக்கணச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ராகலை மலைநாடு, ஆகவே குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரிய தொழில்கள் தேனெடுத்தல், கிழங்கு அகழ்தல், தினை காத்தல். மீன் நெய்தலுக்குச் சொந்தம். ஆறாயிரம் அடி உயரத்தில் தூண்டில் போடுகிறவன் திணை மயக்கம் செய்கிறான். திணை மயங்கலாம் என்று தொல்காப்பியர் விட்டுக்கொடுக்கிறார். நிலம் மயங்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருக்கிறார். அந்தக் கறாரை ஆங்கிலேயர் மதிக்கவில்லை. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி நுவரெலியாவில் ஏரியை அமைத்து நிலத்தையே மயக்கிவிட்டார். 1880களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் மீன் வந்தது. 1915 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கார்ப் வந்தது. 1952இல் திலாப்பியாவும் நாட்டுக்குள் நுழைந்தது. துரைமாருக்கு ட்ரவுட், தொழிலாளிக்குக் கார்ப் என்று யாரும் சட்டம் போடவில்லை. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்து தெளிந்து ஓடும் தண்ணீர் வேண்டும். கார்ப் தேங்கிய கலங்கலிலும் பிழைத்துக்கொள்ளும். எந்தத் தண்ணீர் பங்களாவுக்குப் பக்கத்தில், எது லயத்துக்குப் பக்கத்தில் என்று தெரிந்தவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல். தொழிலை நெய்தலிலிருந்து இரவல் வாங்கியவனுக்கு உணர்ச்சியும் அங்கிருந்துதான் வந்து சேரும். மீனும் முள்ளும் புணர்வதில்லை. கரையில் குந்தியிருப்பவன் இரங்குகிறான். ஆக, மீன் அகப்படாமை இலக்கண வழுவன்று, முழுக்க இலக்கண சுத்தம். கட்டுரை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் துரதிர்ஷ்டம் என்று தனியாக ஒன்று இருப்பதாக லயத்தில் எல்லாரும் சொல்வதால் அதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

துரதிர்ஷ்டம் குளத்தில் தொடங்குவதில்லை, வாசலில் தொடங்குகிறது. புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது சாத்திரம். தனி வீட்டில் குடியிருப்பவன் இதிலிருந்து தப்பிக்க முடியும். லயத்தில் அது நடக்காது. தொங்கல் காம்பராவிலிருந்து புறப்பட்டால் மற்ற வாசல்கள் அத்தனையையும் கடந்துதான் பாதைக்கு இறங்க வேண்டும். லயம் கட்டிய வெள்ளைக்காரனுக்குச் சகுன சாத்திரம் தெரியாததன் பலனை நாம் இன்னும் அனுபவிக்கிறோம்.

"எங்கண்ணே, கம்பும் கையுமா?"

"சும்மா, இந்தப் பக்கம்."

"மீனுக்கா? எங்களுக்கும் ரெண்டு புடிச்சிட்டு வாங்க. நாளைக்குக் கொழம்பு வைக்கலாம்."

தண்ணீரைப் பார்க்கும் முன்பே மீன் பங்கு போடப்பட்டுவிட்டது. நான்காவது வாசலுக்குள் குழம்புக்குப் புளி ஊறப்போட்டாகிவிடுகிறது.

அடுத்தது பஞ்சாங்கம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். குளமோ லயத்துக்கு மேற்கே. பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், மூன்றிலிருந்து நாலரை வரை குளிகை, நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். கார்ப் கரையோரம் வந்து மேய விரும்பும் நேரம் விடியலும் அந்தியும். விடியலில், வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் தூக்கத்தை விட்டு எழ மனம் வராது. அந்தியை ராகு எடுத்துக்கொள்கிறது. பிற்பகலில் மிஞ்சுவது ஒன்றரையிலிருந்து மூன்று. வெயில் ஏறிய அந்நேரம் மீன் ஆழத்தில் கிடக்கும். குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்ற நம்பிக்கை இங்கே இன்னும் அச்சமூட்டுவது. வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதும் ஒரு காரியம்தானே?

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு: ஞாயிற்றுக்கு வெல்லம். ராகலைக் கடையில் சுலபமாகக் கிடைப்பது கித்துள் கருப்பட்டி. அது வெல்லத்தில் சேருமா சேராதா என்பது பெரிய விவாதம், பிறகு வருகிறேன்.

களத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முள் முதலில் பிடித்தது டர்பன்டைன் மரக் கிளையை. அடுத்துப் பிடித்தது கட்டுரையாளரின் கம்பளிச் சட்டையை. கோதுமை மா உருண்டையைச் சின்னத் திலாப்பியாக்கள் கூட்டமாக வந்து கரைத்துக் குடித்துவிட்டுப் போயின. பிறகு தங்கூசி விறைத்தது, கம்பு வளைந்தது, இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடியது. வெளியே வந்தது சேறு நிரம்பிய ஓர் உரச்சாக்கு. 1952 செப்டெம்பரில் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 இறாத்தல் கார்ப் பிடித்தார். அதை லண்டன் விலங்குக் காட்சிச்சாலை ஏற்றுக்கொண்டது. உரச்சாக்கு அதைவிடக் கனம். ஏற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இனி மீனின் தரப்பையும் கேட்க வேண்டும். கார்ப்புக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. அது இரையைக் கவ்வுவதில்லை. சேற்றோடு சேர்த்து உறிஞ்சி, மேலண்ணத்திலுள்ள தடித்த சதையால் ருசி பிரித்து, வேண்டாததைத் துப்பிவிடுகிறது. கொழும்பில் 1883 முதல் நடக்கும் தேயிலை ஏலத்துக்காக, கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி வாயில் சுழற்றித் துப்புவாரே ருசி பார்க்கும் ஐயா, அவர் வேலையைத்தான் மீனும் செய்கிறது. ஊவாவின் ருசியையும் உடப்புசல்லாவையின் ருசியையும் பிரித்தறியும் நாக்குக்கு முன்னால் வளைந்த இரும்பு முள் எம்மாத்திரம்?

அதன் காதும் மோசமில்லை. காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிற்றெலும்புகள் கோத்த ஒரு சங்கிலி இருப்பதால், கரையில் கால் மாற்றி வைத்தாலும் அதற்குத் தெரியும். இவ்வுண்மை நெடுங்காலப் புதிர் ஒன்றை அவிழ்க்கிறது. கண் இமைக்காமல் பார்த்திருக்கும்போது அசையாத தக்கை, பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றும்போது மட்டும் அமிழ்வது ஏன்? தேத்தண்ணி ஊற்றுகிறவன் ஓரிடத்தில் அமர்கிறான், கம்பைத் தொடுவதில்லை, காலைத் தட்டுவதில்லை. மீனுக்கு அப்போதுதான் கரை காலியாகிறது. இது தெரிந்த பிறகு கட்டுரையாளர் தேத்தண்ணி ஊற்றுவதுபோல் பாசாங்கு செய்து பார்த்தார். மீன் ஏமாறவில்லை.

குளிரும் குற்றவாளிதான். கார்ப் நன்றாகத் தின்று வளர்வது நீர் 23 முதல் 30 பாகைச் செல்சியசில் இருக்கும்போது. நுவரெலியாப் பக்கத்து ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். இந்தக் குளிரில் மீனும் அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் கூலிக்குத்தான் வேலை செய்கிறது. போதாததற்கு அதற்குப் படிப்பும் ஏறுகிறது. நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் குளங்களில் சோதித்து 1970இல் வெளியிட்ட முடிவு இது: ஒருமுறை முள்ளில் மாட்டி விடுபட்ட கார்ப், பிறகு மாதக்கணக்கில் முள்ளுக்கு அகப்படுவது வெகுவாகக் குறைகிறது. ஒரே பாடத்தில் தேறிவிடுகிறது. ஞாயிறுதோறும் அதே கரையில் அதே மாவுருண்டையோடு குந்துகிற உயிரினத்தின் கற்கும் திறனை அவர் சோதிக்காதது நல்லது. 1653இலேயே ஆங்கில எழுத்தாளர் ஐசக் வால்டன், நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் தூண்டில் போட்டு, அப்படி மூன்று நான்கு நாள் தொடர்ந்து, ஒரு கடிகூடக் காணாத தேர்ந்த மீன்பிடிகாரர் ஒருவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வால்டனுக்கு ராகு காலம் தெரியாது. ஆகவே ராகுவைக் குற்றக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

மிஞ்சுவது அந்த ஒரு மீன். எல்லா ஞாயிறுகளிலும் ஒன்று இருக்கிறது: தக்கை முழுதாக மறைந்து, கம்பு நிஜமாகவே துடித்து, பொன்னிறச் செதில் ஒருகணம் மேலே தெரிந்து, தங்கூசி பட்டென்று அறுந்த மீன்.

"மீனு அம்புட்டுச்சாண்ணே?" என்று குளத்துக் காவல்காரர் கேட்டார்.

"ஒண்ணு வந்துச்சு. தப்பிப் போச்சு."

"எம்புட்டு இருக்கும்?"

காவல்காரரிடம் அது முழங்கை நீளம். லயத்துக்கு வரும்போது ஒரு கை நீளம். ராகலை டவுன் தேத்தண்ணிக் கடையில் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தப்பிய கார்ப் மட்டும் 16 பாகைக் குளிரில், தண்ணீரும் தீனியும் இல்லாமல், இந்த வேகத்தில் வளர்வது நீருயிரியலாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

வள்ளுவர் தூண்டிலைக் கொண்டுபோய் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்று பாருங்கள். 38ஆம் அதிகாரமான ஊழில் இல்லை. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையிலும் இல்லை. 94ஆம் அதிகாரமான சூதில் வைத்தார். சூதாடிக்குக் கிடைக்கும் சிறு வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளாக்கினார். அந்தக் கணக்கில், தப்பிய மீன்தான் இரை. அதை விழுங்கியவன் கரையில் இருக்கிறான். முழுக்க எதுவும் கடிக்காத ஞாயிறு ஒன்று வாய்த்திருந்தால் கட்டுரையாளர் கம்பை முறித்து அடுப்பில் வைத்திருப்பார். துரதிர்ஷ்டம் என்பது மீன் வராதது அல்ல, பாதி வந்து போவது.

இனிக் கருப்பட்டி விவாதம். கித்துள் கருப்பட்டியும் வெல்லத்துக்கு ஒப்பு, புறப்படுமுன் ஒரு துண்டு வாயில் போட்டால் மேற்கே சூலம் தீரும் என்பது பழைய கட்சி. அதை ஆள் தின்று என்ன பயன், கோதுமை மாவோடு பிசைந்து மீனுக்குக் கொடுத்தால்தான் பலன் என்பது பக்கத்துக் காம்பரா மச்சானின் கட்சி. கார்ப் இனிப்புக்கு வரும் என்பது பல நாட்டார் கண்ட அனுபவமாகையால் கட்டுரையாளர் மச்சான் பக்கம் சாய்கிறார். இரு கட்சியையும் ஒருசேரச் சோதிக்க முழுக் கருப்பட்டி ஒன்று தேவைப்படுகிறது. வரும் ஞாயிற்று ஆய்வுக்கென்று அதற்கான காசை வீட்டில் கேட்டதில், போன வாரம் வாங்கிய தங்கூசிக்கே இன்னும் கணக்கு வரவில்லை என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது.