குழாயை ஒளிப்பது எப்படி?

முதலில் ஆசை வர வேண்டும். அது தானாக வராது, யாராவது சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும். நாகர்கோவில் பக்கம் புது வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் பூசை அறையை அரை நிமிடத்தில் முடித்துவிட்டுக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே ஒரு குழாயும் கண்ணில் படாது. வழவழவென்று டைல்ஸ், நடுவில் ஒரு வட்டத் தகடு, அதில் ஒரே ஒரு திருகு, தலைக்கு மேலே தோசைக்கல் அகலத்தில் ஷவர். "தண்ணி எங்கேருந்துடே வருது?" என்று பாட்டா கேட்பார். "எல்லாம் சொவருக்குள்ள ஓடுது பாட்டா" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் உங்களுக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் பணம்.

வெந்நீர் நமக்கு எதற்கு என்ற கேள்வியை வீட்டில் யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் கல்தொட்டி நிறைய இறைத்து ஊற்றிக்கொண்ட ஊர் இது. பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்தவனுக்கும் மட்டும் தேங்காய்க் கதம்பையைப் போட்டு எரித்து ஒரு செம்புப் பானை வெந்நீர் போடுவார்கள். மார்கழி விடியலில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். சித்திரையிலோ மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு டேங்க் வெயிலை உறிஞ்சி, மத்தியானம் இரண்டு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீரை இறக்கும். அப்போது உங்கள் மிக்சர் வெந்நீரையும் வெந்நீரையும் கச்சிதமாகக் கலந்து கொடுக்கும்.

அடுத்தது அழுத்தம். இதைக் கடையில் கேட்காதீர்கள். கேட்டால் ஷவர் வாங்காமல் திரும்பிவிடுவீர்கள். கணக்கு இதுதான்: பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால் ஒரு கிலோ பிரஷர். ஒரு மாடி கூட இல்லாத வீட்டில் தளத்துக்கு மேல் மூன்றடி மேடை கட்டி டேங்க் வைத்தாலும், நிறைந்த தண்ணீருக்கும் ஷவருக்கும் இடையே பத்தடி தேறினால் அதிகம். அதாவது அரைக் கிலோவுக்கும் கீழே. அகலமான ஷவரின் பெட்டியில் பொடி எழுத்தில் குறைந்தது ஒரு கிலோ வேண்டும் என்று போட்டிருக்கும். ஆக, தோசைக்கல்லிலிருந்து மழை பெய்யாது, ஓட்டு வீட்டு இறவாரத்தில் மழை விட்ட பிறகு சொட்டுமே, அதுதான் நடக்கும். நடு உச்சந்தலையில் விழாமல் ஓரமாகச் சொட்டும் என்பதால் சோப்புப் போக நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

பிரஷருக்குக் குமரி மாவட்டத்திலேயே சரியான இடம் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடிவாரம். பறளியாற்றுக்கு மேலே, நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், 28 தூண்களின் மீது 1966 முதல் கால்வாய்த் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு இணைப்பு கிடைத்தால் மூன்று கிலோ பிரஷர் நிச்சயம். கிடைக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோனவர்கள் அதைத் திறந்த தொட்டியில், ஊர் பார்க்க, வானத்தில் கொண்டுபோனார்கள். எங்கே ஒழுகினாலும் கீழே ஆடு மேய்க்கிறவருக்கே தெரியும். நீங்களோ முக்கால் இஞ்ச் குழாயைச் சுவருக்குள் புதைத்து, மேலே ரூபாய் கொட்டி டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள். தைரியம்தான்.

சரி, கொத்துவோம். நாலரை இஞ்ச் சுவரில் கொத்தாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், ஏனென்றால் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர்தான். நெடுக்காக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கை வாட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. நாலரை இஞ்ச்சில் மூன்றில் ஒன்று ஒன்றரை இஞ்ச். தகட்டுக்குப் பின்னால் இருந்து தண்ணீரைத் திருப்பிவிடும் டைவர்ட்டரின் பாடி அதற்குள் அடங்குமா? அடங்காது. பிளம்பர் உளியை இன்னும் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கம் படுக்கையறையில் பூச்சு பொத்தென்று விழும். மயினி ஓடிவந்து பார்ப்பாள். "ஒண்ணுமில்ல மயினி, காத்து வரட்டும்னு ஒரு சின்ன ஓட்டை" என்று சொல்லத் தயாராக இருங்கள்.

டைவர்ட்டரை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. பாடியின் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் இரண்டு கோடுகள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அதன் மேல்பரப்பு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வர வேண்டும். பிளம்பர் வைக்கும்போது அங்கே டைல்ஸ் இல்லை, பூச்சு இல்லை, வெறும் செங்கல்தான். அரை இஞ்ச் பூச்சு, ஒட்டுக் கலவை, டைல்ஸ் கனம் எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்து அவர் வைக்கிறார். பிறகு கொத்தனார் தன் இஷ்டத்துக்கு முக்கால் இஞ்ச் பூசுகிறார். டைல்ஸ்காரர் சுவர் சாய்வு என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கலவை அப்புகிறார். கடைசியில் திருகு சுவருக்குள் முங்கிப்போய், அதை எட்டிப் பிடிக்க எக்ஸ்டென்ஷன் என்று ஒரு துண்டு வாங்க மறுபடியும் வடசேரிக் கடைக்கு ஓட வேண்டும். குற்றம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். "அண்ணாச்சி, நான் வச்சது கரெக்டு, பூசினவன்கிட்ட கேளுங்க." பூசினவர்: "டைல்ஸ்காரன் சாவடிச்சிட்டான்." டைல்ஸ்காரர் போனை எடுக்கமாட்டார். எனவே மூன்று பேரையும் ஒரே நாளில் வரவழைத்துவிடாதீர்கள், உண்மை வெளியே வந்துவிடும்.

வெந்நீருக்கு மஞ்சள் சிபிவிசி குழாய், பித்தளை மரை வைத்த எல்போ. பிளாஸ்டிக் மரையில் முறுக்கினால் அன்றைக்குத் தெரியாது, வெடிப்பு ஆறு மாதம் கழித்துப் பேசும். எதிரே நின்றால் இடதுபக்கம் சூடு, வலதுபக்கம் பச்சைத் தண்ணீர். இது உலக வழக்கம். மாற்றி வைத்துவிட்டால் விருந்தாளிகளிடம் சொல்லாதீர்கள், அவர்களே அலறித் தெரிந்துகொள்வார்கள். பிரஷர் பம்ப் வைக்கிறவர்கள் பச்சைத் தண்ணீர் வரிக்கு மட்டும் வைத்து மிச்சம் பிடிப்பார்கள். அப்போது பலசாலியான பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, கீசரையே எதிர்த்துத் தள்ளும். இரண்டு வரியும் ஒரே டேங்க், ஒரே பம்ப், கீசர் வாயில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு. இதில் மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பூசுவதற்கு முன்னால் முனைகளையெல்லாம் அடைத்து, கைப்பம்பு வைத்து ஐந்தாறு கிலோ ஏற்றி, இரவு முழுக்க பிரஷர் முள்ளைப் பார்க்கச் சொல்வார்கள். பிளம்பர் அதற்கு முகம் சுளிப்பார். "நான் ஒட்டினா அம்பது வருசத்துக்கு அசையாது" என்பார். அவருக்கு வயது முப்பது. காலையில் முள் இறங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள், செங்கல்லில் ஈரம் தெரியும் இடத்தில் அறுத்து ஒட்டிவிடலாம். அந்தச் சோதனையைச் செய்யாதவர்களுக்கு ஈரம் தெரிவது அடுத்த அறையின் அலமாரிக்குப் பின்னால், பட்டுச் சேலையில். வெட்டிய காடிக்கு மேல் கோழிவலை அடித்துப் பூசுங்கள், இல்லையென்றால் குழாய் போன பாதையை வெடிப்பே கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். கொளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டி வீடு என்றால் விலை குறைந்த முலாம் பூசிய தகட்டை வாங்காதீர்கள். உப்புக் காற்று அதன் மினுக்கை இரண்டு மழைக்காலத்துக்குள் முடித்துவிடும்.

பூசும் முன் சுவரை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து. தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று படத்தில் தெரிய வேண்டும். எடுத்ததைப் போனில் வைக்காமல் தாளில் அச்செடுத்து, ஆதாரப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். ஏனென்றால் குடிவந்த மாதமே குவைத்திலிருந்து அத்தான் ஒரு நல்ல துண்டு மாட்டும் கம்பி கொண்டுவருவார். டிரில்லோடு ஒரு பையன் வருவான். "எங்கே வேண்டும்?" என்பான். எல்லோரும் சேர்ந்து, குழாய் ஓடும் சரியான இடத்தைக் கைகாட்டுவார்கள்.

அதனால் டைல்ஸ் வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி மச்சில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அந்த டிசைன் கடையில் இருக்காது.