டாக்டர் கொடுத்த 2000 வோல்ட்

வல்லக்கோட்டை முருகனிடம் பெரும்பாலும் இழந்ததைக் கேட்கத்தான் போவார்கள். நாரதரை மதிக்காமல் நாட்டைத் தொலைத்த பகீரத ராஜா, இங்கே கும்பிட்டு அதைத் திரும்பப் பெற்றார் என்பது தலபுராணம். இப்போது சுற்றிலும் ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள். ராஜாக்கள் இல்லை, 'லாக்' தொலைக்கிற எஞ்சினியர்கள் இருக்கிறார்கள்.

கார் கேமரா எடுக்கும் படத்தை சீரியலைசர் சிப் நொடிக்கு 600 கோடி பிட் வரை நறுக்கி ஒற்றைக் கேபிளில் அனுப்பும். மறுமுனைச் சிப் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் லாக். நழுவவிட்டால் திரை இருட்டு. சொந்தமாக சர்க்யூட் போர்டு அடித்தவர்களுக்கு இந்த இருட்டு நன்றாகவே பழக்கம். உடனே யாராவது வைத்தியம் சொல்வார்: "சிக்னலக் கொஞ்சம் ஏத்தி விடுப்பா."

இந்த வைத்தியத்தின் மூலவர் நிஜமாகவே வைத்தியர்தான். பெயர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். இங்கிலாந்தின் பிரைட்டனில் அறுவை மருத்துவர். மின்சாரத்தில் கொஞ்சம் கைவைத்துப் பார்த்திருந்தார் என்று அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனி அவரைத் தலைமை எலெக்ட்ரீஷியன் ஆக்கிவிட்டது. கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் கணக்கோடு வந்தார்: "கேபிள் இரட்டிப்பு நீளமானால் சிக்னலின் மந்தம் நாலு மடங்கு. செம்பைப் பருமனாக்குங்கள்." டாக்டருக்குக் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியெல்லாம் கிடையாது என்று 1856ல் கட்டுரையே எழுதினார்.

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடியில் போட்ட கேபிள் கரை தொட்டது. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்து அனுப்பினார். முழுசாக நூறு சொல்கூட இல்லை. போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம். சொல்லுக்குப் பத்து நிமிடம்! ஆனாலும் நியூயார்க் விட்ட வாணவேடிக்கையில் நகர மன்றத்தின் கூம்பே பற்றி எரிந்தது.

மந்தத்துக்கு டாக்டர் எழுதிய சீட்டு: ஐந்தடி நீள இண்டக்‌ஷன் காயில், சுமார் 2000 வோல்ட், வேளை தவறாமல். கேபிளின் உறை பிறவியிலேயே நோஞ்சான். மருந்து உள்ளே போனதும் மிச்ச உயிரும் போனது. சில வாரத்தில் கதை முடிந்தது. கூத்து என்னவென்றால், அவருடைய கருவியால் செய்தியை வாங்க முடியாமல், தாம்சனின் கண்ணாடி கால்வனோமீட்டரில் வாசித்துவிட்டுத் தன் கருவி வாசித்ததாகக் காட்டியிருக்கிறார். கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் தன் பக்க நியாயத்தை அச்சடித்து விநியோகித்தார்.

1866ல் பருத்த செம்பு, நல்ல உறை, மெல்லிய மின்சாரம் என்று போட்ட கேபிள் நிலைத்து நின்றது. தாம்சன் 'சர்' ஆனார், பின்னால் கெல்வின் பிரபுவும் ஆனார். 1871ல் சென்னையிலிருந்தே பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி ஓடியது.

பாடம் அத்தோடு ஏறியதா என்றால், இல்லை. கேபிளில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் சிக்னல் சிதையாது என்று கணக்குப் போட்டார் ஆலிவர் ஹெவிசைட். 24 வயதில் வேலையை விட்டு, பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட மனிதர். இண்டக்டன்ஸ் என்றாலே ஆகாத தபால் இலாகா அதிகாரி பிரீஸ், 1887ல் அந்தக் கட்டுரை வெளிவராமல் தடுத்தார். வேலையில்லாதவனுக்கு என்ன தெரியும்?

இனி நம் போர்டு. நொடிக்கு 600 கோடி பிட் என்றால், டிரேஸில், அதாவது போர்டின் செம்புப் பாதையில், ஒரு பிட்டின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். 50 ஓம் பாதை கனெக்டர் காலடியிலோ கப்பாசிட்டரின் அகலமான பேடிலோ சட்டென்று மாறினால், சிக்னலில் ஒரு பங்கு திரும்பி ஓடிவந்து பின்னால் வரும் பிட்டை இடிக்கும். நீளமான கேபிளில் சிக்னல் தேய்ந்திருந்தால் ஏற்றிவிடுவது உதவலாம். இடிப்புதான் நோய் என்றால், சிக்னல் ஏறுகிற அதே விகிதத்தில் இடியும் ஏறும். பேடுக்குக் கீழே கிரவுண்ட் செம்பை வெட்டி எடுத்துப் பாதையைச் சமன் செய்ய வேண்டும்.

அதற்குப் போர்டைத் திரும்ப அடிக்கணும், காசு கேட்கணும், மேனேஜர் முகத்தைப் பார்க்கணும். சிக்னலை ஏற்ற சிப்பின் ரெஜிஸ்டரில் ஒரு எண்ணைக் கூட்டுவதோ இலவசம். வைட்ஹவுஸ் டாக்டருக்கு இன்றுவரை வாரிசுப் பஞ்சம் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.