யாருடைய இடது?

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மே மாதக் குளிர் எட்டிப் பார்த்ததும், வாசல்களில் உறை போர்த்திக் கிடந்த கேரவன்களுக்கு உயிர் வந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு டயராகக் காற்றுப் பார்ப்பார். அவருடைய அம்மணி, ஆறு மாதத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே அலமாரிக்குள் அடைத்துவிட்டு, "இத்தனை வருஷம் அவ்வளவு பெரிய வீடு நமக்கு எதுக்கு?" என்று கேட்பார். பெரியவருக்குப் பதில் தெரியும். சண்டை வந்தால் ஆளுக்கொரு அறைக்குப் போவதற்கு. கேரவனில் அந்த வசதி கிடையாது என்பது மூன்றாம் நாள்தான் உறைக்கும்.

'கிரே நோமட்', அதாவது நரைமுடி நாடோடி என்று நாடே பாதி அன்பாகவும் பாதி எரிச்சலாகவும் அழைக்கும் இந்தத் தம்பதியைச் சாலையில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். முன்னால் ஒரு லேண்ட் குரூசர். பின்னால் அதைவிட நீளமான கேரவன். அதற்கும் பின்னால், முந்த வழியில்லாமல் ஊர்ந்து வரும் கார்களின் வரிசை. கேரவனின் முதுகில் ஒரு ஸ்டிக்கர்: 'பிள்ளைகளின் சொத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.' அந்த வரிசையில் யாராவது பெற்ற பிள்ளை இருந்தால் சாவகாசமாகப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

ஒன்றாம் எண் நெடுஞ்சாலை கண்டத்தைக் கரையோரமாகச் சுற்றி வருகிறது. சுமார் 14,500 கிலோமீட்டர். சுற்றுகிறவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, கிரிவலம் போகிறவர்களைப் போல நாட்டை வலக்கைப் பக்கமும் கடலை இடக்கைப் பக்கமும் வைத்துப் போகும். மற்றது எதிர்த்திசையில் வரும். எதிர்க்காற்றில் கேரவனை இழுத்தால் டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் இரு கட்சிக்கும் ஓயாத வழக்கு. காற்று தங்கள் பக்கம்தான் என்று இரண்டுமே சத்தியம் செய்யும். நம் பெரியவர் மெல்போர்னில் கிளம்பி வலம் வரும் கட்சி.

இப்படி எதிரும் புதிருமாகச் சுற்றுவதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்த முகாமில் இறங்கினாலும், நாளை நீங்கள் பார்க்கப்போவதை நேற்றே பார்த்துவிட்டு வந்தவர் பக்கத்துக் கேரவனில் இருப்பார். மாலை நான்கு மணிக்கு ஒரு கையில் மடக்கு நாற்காலியும் மறுகையில் ஒயின் கோப்பையுமாக வருவார். இதற்கு 'ஹேப்பி ஹவர்' என்று பெயர். மூன்று மணி நேரம் நடக்கும். "அங்கேயா போறீங்க? அடடா, போன வாரம் போயிருக்கணும்!" என்று ஆரம்பிப்பார். எந்த முகாமில் எந்த மரத்தடி நிழல், எங்கே டீசல் நாலு சென்ட் மலிவு, கழிவறைப் பெட்டியைக் கொட்டும் குழி எந்த ஊரில் சுத்தமாக இருக்கும் என்றெல்லாம் வரிசையாக வரும். கடைசி இலாகா பெரியவருடையது என்பதால் அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு பெரியவரும் தாம் கடந்துவந்த ஊர்களைப் பற்றிச் சொல்வார். அவையும் போன வாரம்தான் நன்றாக இருந்தன. ஆக, அந்தக் கண்டத்தில் எந்த இடமும் இந்த வாரம் நன்றாக இருந்ததே இல்லை.

நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்துவதற்கு ஒயின் மட்டும் காரணமல்ல. அந்தி சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். மோதினால் இரு தரப்புக்கும் சேதம். "பாதுகாப்புதான் முக்கியம்" என்று சொல்லியபடியே பெரியவர் புட்டியைத் திறப்பார்.

முகாமின் பெரிய பொழுதுபோக்கு, புதிதாக வந்தவர் கேரவனை ரிவர்ஸ் எடுப்பது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவனின் பின்புறம் வலப்பக்கம் போகும். இந்த நேரம் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அம்மணி பின்னால் நின்று கை காட்டுவார். கண்ணாடியில் தெரியாத ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து நிற்கிறார் என்பது பெரியவரின் வாதம். அவர் கண்ணாடியையே பார்ப்பதில்லை என்பது அம்மணியின் எதிர்வாதம்.

"இடது! இடது!"

"யாரோட இடது? உன் இடதா, என் இடதா?"

"மரம் இருக்கிற இடது!"

நான்கு முறை முன்னும் பின்னும் போய், மரத்துக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது பெரியவர் வேறு வழியில்லாமல் அம்மணி சொன்னபடி ஒடிப்பார். கேரவன் சாதுவாகப் போய் நிற்கும். "எப்படி நிறுத்தினேன் பார்த்தியா?" என்று இறங்குவார். நாற்காலிக்காரர்கள் கைதட்டுவார்கள், அம்மணியைப் பார்த்து.

நல்லார்பார் சமவெளியைக் கடக்கும்போது வேறொரு சோதனை. மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பூச்சியும் நோயும் கூடவே வந்துவிடும் என்ற பயம். பெரியவருக்குக் காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனம் வராது. முந்தின நாள் முழுக்க வாழைப்பழமும் ஆப்பிளும்தான் ஆகாரம். மிஞ்சிய கேரட்டையெல்லாம் அம்மணி வேகவைத்துவிடுவார். அதிகாரி உள்ளே தலையை நீட்டும்போது ஓர் ஆரஞ்சுத் தோல்கூட இருக்காது. பெரியவரின் வயிற்றைச் சோதிக்கச் சட்டத்தில் இடமில்லை.

எல்லை தாண்டினால் யூக்லா. அந்த வட்டாரத்துக்கு அரசாங்கம் ஏற்காத சொந்தக் கடிகாரம் ஒன்று உண்டு: பெர்த்துக்கு 45 நிமிடம் முன்னால், குளிர்காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு 45 நிமிடம் பின்னால். மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளூர் நேரத்தை மதிக்கும் பெரியவர், மாலை நாற்காலி போடுவதற்கு மட்டும் பெர்த் போய்ச் சேரும்வரை தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தைக் கைவிடமாட்டார்.

அதையடுத்து, கைகுனாவிலிருந்து பலடோனியா பக்கம் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை.

"நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்பார் அம்மணி.

"ரொம்ப அலுப்பான ரோடு, உனக்குத் தூக்கம் வந்துடும். வளைவு வரட்டும்."

வளைவு வரும். "வளைவில் உனக்குக் கஷ்டம்" என்றுவிடுவார்.

வடக்கே ஏற ஏற, 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயின் லாரிகள் எதிர்ப்படும். அவற்றின் ஓட்டுநர்கள் வானொலியில் 40-ஆம் சேனலில் பேசுவார்கள், கேரவன்காரர்கள் 18-இல். 'அடுத்த ஊரில் டீ குடிக்கலாமா' என்று பெரியவர் தவறுதலாக 40-இல் கேட்டுவிட்டால் கிடைக்கும் பதில் அச்சில் ஏறாது. எதிரே வருகிறவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவது அங்கே மரியாதை. பதிலுக்கு விரல் வராவிட்டால் அடுத்த நூறு கிலோமீட்டருக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

புரூமின் கேபிள் கடற்கரையில் சூரியன் மறைய, ஒட்டகங்கள் வரிசையாகப் போகும். டேலி வாட்டர்ஸ் மதுக்கடையில் பயணிகள் விட்டுச்சென்ற உள்ளாடைகள் தலைக்கு மேலே தொங்கும். பெரியவர் கட்டடக் கலையை ரசிப்பதாகச் சொல்லி அண்ணாந்து நிற்பார். மவுண்ட் ஐசா, வின்டன், லாங்ரீச் என்று செம்மண்ணைத் தின்றுவிட்டு மறுபடி கடலோரம் இறங்கினால், பல்லினாவில் ஒரு ராட்சத இறால், காஃப்ஸ் ஹார்பரில் 1964 முதல் ஒரு ராட்சத வாழைப்பழம். அம்மணி பேரப்பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்புவார். பெரியவர் வாழைப்பழத்துக்கு மட்டும் வண்டியை விட்டு இறங்கமாட்டார். எல்லைச் சாவடி நினைவு.

வீடு இன்னும் ஒரு நாள் தூரம் இருக்கும்போது, கடைசி முகாமில், அப்போதுதான் கிளம்பியிருக்கும் எதிர்த்திசைக்காரர் ஒருவர் நாற்காலியோடு வருவார். "எங்க கட்சியில் ஒரு லாபம் உண்டு. ஸ்டியரிங் வலப்பக்கம், கடலும் வலப்பக்கம். வழியெல்லாம் என் ஜன்னலில் கடல்" என்பார்.

பெரியவர் கோப்பையைக் கீழே வைப்பார். வலமாக வந்ததில் கடல் தெரிந்த இடமெல்லாம் அம்மணியின் ஜன்னலில் தெரிந்தது. அவர் ஜன்னலில் தெரிந்தவை புதர், வேலி, முந்திப் போகிறவர்களின் முறைப்பு.

"அடுத்த வருஷம் இடமாச் சுத்துவோம்" என்பார் அன்றிரவு.

"எதுக்கு?"

"நானும் கடல் பார்க்கணும்."

"அதுக்காக ஒரு கண்டத்தையே திருப்பிச் சுத்தணுமா? நீ என் சீட்டுக்கு வா. நான் ஓட்டறேன்."

பெரியவர் நீண்ட நேரம் யோசிப்பார். "அப்போ ரிவர்ஸ் யார் எடுக்கிறது?"

"இப்போ மட்டும் யார் எடுக்கிறாங்களாம்?"