ராஜபோக வனயாத்திரை

கேள்வி: ஓய்வூதியப் பணம் கைக்கு வந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கங்களையும் யானைகளையும் ராஜபோகமாகக் கண்டுவர ஆசை. எப்போது புறப்படலாம்?
– ஒரு வாசகர், ஆண்டிபட்டி

பதில்: தாராளமாகப் புறப்படுங்கள். காட்டுமாடுகள் பெருந்திரளாகக் கென்யாவின் மாரா நதியைக் கடக்கும் வைபவத்தைக் காண, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலமே உத்தமம். ஆயினும் அதற்கு முன்பு, கம்பம், கூடலூர் வழியே மலையேறித் தேக்கடிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையினால் தேங்கிய ஏரியின் கரைக்கு யானைக் கூட்டங்கள் நீர் அருந்த வரும். அங்கே மூங்கில் தெப்பத்தில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுள், முன்னாளில் அதே வனத்தில் களவாகப் பட்டை உரித்துப் பிழைத்து, பின்னர் வனத்துறையின் முயற்சியால் அதன் காவலர்களாகவே மாறியவர்களும் உண்டு. மிருகங்களின் தடத்தை அவர்கள் வாசிக்கும் சாமர்த்தியம், எந்தச் சொகுசுக் கூடாரத்தின் கட்டணத்திலும் அடங்காதது. புலி தரிசனத்துக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். திறந்த புல்வெளியைப் போலன்றி, அடர்வனம் தன் பிரஜைகளை எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. வைகை பிறக்கும் தங்கள் வருசநாட்டு மலைப்புறமும் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்ததுதான். கென்யாவுக்கே செல்வதானால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்; தேக்கடிக்கு அட்டை ஏறாத காலுறை போதும்.