எழுத வந்தவனின் பணிவான மனு

அனுப்புநர்:
இணையச் சிற்றிதழ் ஒன்றின் பதிவேற்றுநர்
(பிழைதிருத்துநர், சர்வர் வாடகை கட்டுபவர் ஆகிய பொறுப்புகள் கூடுதலாக)

பெறுநர்:
மாண்புமிகு நிர்வாகப் பக்கம் அவர்கள்,
டாஷ்போர்டு மாளிகை, வேர்ட்பிரஸ்.

பொருள்: எழுத வந்தவனை எழுத விடக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: நிற்காமல் சுற்றும் தங்கள் வட்டம், பல்வேறு தேதிகள்.

ஐயா,

மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளி அதிகம், எடுத்துவிடுங்கள் என்று கவிஞர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அதை எடுக்கத்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் பெயர் சொல்லி வரவேற்றீர்கள். பிறகு வட்டம் சுற்றத் தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் தங்கள் நிர்வாகத்தைப் பற்றி நிறைய யோசிக்க வாய்த்தது. அதன் விளைவே இந்த மனு.

முதலில் பாராட்டிவிடுகிறேன். தங்கள் முன்வாசல் பிரமாதம். வாசகர் வந்து கேட்டால், ஏற்கெனவே தயாராக இருக்கும் பக்கத்தைக் கேஷிலிருந்து எடுத்து நீட்டிவிடுகிறீர்கள். சந்தையில் விற்கும் வேக மருந்துகளில் பல அந்த வாசலுக்கு உரியவைதான். கடவுச்சொல் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் வந்தால் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகக் கட்டியாக வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய பக்கத்தைக் காட்டினால் நான் எதைத் திருத்துவது? புதிதாகக் கட்டும் சாக்கில் தாங்கள் பார்க்கும் மற்ற வேலைகளைப் பற்றியதுதான் என் விண்ணப்பம்.

சர்வர் வாடகைக்கு விட்டவரிடம் முறையிட்டபோது, இப்போது இருப்பதைவிடப் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார். அவரிடம் எதைச் சொன்னாலும் அதுதான் பதில். அதனால் குவெரி மானிட்டர் என்ற தணிக்கையாளரை உள்ளே அனுப்பினேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கப்பட்டது, கேட்டது யார், பதில் வர எவ்வளவு நேரமானது என்று வரிவரியாக எழுதிக் கொடுப்பவர் அவர். அறிக்கையைப் படித்ததும் தங்கள் மேல் இருந்த மரியாதை கூடிவிட்டது. ஒரு காற்புள்ளிக்காக இத்தனை பேர் உழைப்பார்கள் என்று நான் நினைத்ததேயில்லை.

நான் எந்த உலாவியில் வந்திருக்கிறேன், அது பழசா புதுசா என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சர்வரில் ஓடும் பிஎச்பிக்கு வயதாகிவிட்டதா என்று இன்னொரு கடிதம். இரண்டுக்கும் வந்த பதில்களை ஒரு வாரம் பத்திரப்படுத்தி, பிறகு மறுபடியும் கேட்கிறீர்கள். பிளகின்களுக்கும் தீம்களுக்கும் புதுப் பதிப்பு வந்ததா என்று 12 மணி நேரத்துக்கு ஒருமுறை விசாரணை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அப்பாவி, விசாரணை முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும். புதுப்பதிப்பு விசாரணையை நான் குறை சொல்லமாட்டேன். வெளியுலகத் தொடர்பையே துண்டித்துவிட்டால் அலுவலகம் பறக்கும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பறக்கும்தான், பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து பறந்துவிடும். ஆனால் ‘நிகழ்வுகளும் செய்திகளும்’ என்ற பெட்டி என்ன பாவம் செய்ய வந்தது? அடுத்த வேர்ட்பிரஸ் சந்திப்பு எங்கே நடக்கிறது என்பது காற்புள்ளி எடுக்க வந்தவனுக்கு எதற்கு?

இனி, தங்கள் அலுவலகத்தின் உச்சபட்ச சாதனைக்கு வருகிறேன்.

பழைய எடிட்டரில், கட்டுரைக்குக் கீழே, கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு கீழிறங்கு பட்டியல். 30 பெயர்கள் தெரியும். அந்த 30 பெயர்களுக்காக போஸ்ட்மெட்டா அட்டவணை முழுவதையும் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புரட்டுகிறார். எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணும் பிளகின், தேடுபொறிக்கு அலங்காரம் செய்யும் பிளகின், முகப்புப் படம் எல்லாமே ஒவ்வொரு கட்டுரைக்கும் தலா சில வரிகளை அங்கே எழுதி வைக்கின்றன. பல வருடம் ஓடிய இதழில் அந்த அட்டவணை எவ்வளவு பருத்திருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

அட்டவணையைப் புரட்டும் இவருக்கு முன்பெல்லாம் ஒரு குறுக்குவழி இருந்தது. பெயர்ப் பத்தி முழுவதற்கும், அதாவது 255 எழுத்து நீளத்துக்கு, ஒரு இண்டெக்ஸ். அதை மட்டும் புரட்டினால் போதும். 2015 ஏப்ரலில் 4.2 பதிப்பு வந்தது. எமோஜிகளுக்கும் இடம் தர வேண்டும் என்ற பெருந்தன்மையில் ஓர் எழுத்துக்கு நான்கு பைட் என்ற முறைக்குத் தரவுத்தளம் மாறியது. அன்று பரவலாக இருந்த மைஎஸ்கியூஎல் அமைப்பில் இண்டெக்ஸுக்கு 767 பைட்தான் உச்சவரம்பு. எழுத்துக்கு மூன்று பைட் இருந்தவரை 255 எழுத்தும் அடங்கின. நான்கானதும் 191ஆவது எழுத்தோடு இண்டெக்ஸை நறுக்கவேண்டியதாயிற்று. நறுக்கிய பதிவேட்டை நம்பி ‘இவை இரண்டும் ஒரே பெயர்’ என்று கையெழுத்துப் போடத் தரவுத்தளம் தயாரில்லை. 192ஆவது எழுத்தில் வித்தியாசம் இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அவ்வளவு நீளத்துக்குப் பெயர் வைத்தவரை நான் கண்டதில்லை. ஆனாலும் விதி விதிதான். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று கட்டுரைக்குள் வருவதற்காக, கட்டுரை எழுதுபவர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

பெட்டியே வேண்டாம் என்று ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் டிக்கை எடுத்துப் பார்த்தேன். பெட்டி மறைந்தது, தேடல் மறையவில்லை. அதாவது தாங்கள் வழக்கம்போல அட்டவணையைப் புரட்டி, 30 பெயரையும் பெட்டிக்குள் அடுக்கி, அதன் பிறகு அதை என் கண்ணில் படாமல் சிஎஸ்எஸ்ஸால் மூடுகிறீர்கள். எனக்கு வேண்டாத வேலையை எனக்குத் தெரியாமலும் செய்யும் இந்தக் கடமை உணர்ச்சியை என்னவென்று சொல்வது! (புதிய பிளாக் எடிட்டரில் இந்தப் பெட்டி கேட்டால்தான் வரும் என்பதை அறிவேன். எங்கள் இதழில் பழைய எடிட்டரை விட்டால் எழுதமாட்டேன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருமே மூத்தவர்கள், வாதிட முடியாது.)

இதற்கான மருந்து தங்கள் மாளிகையிலேயே இருந்தது. அதே வருடம் டிசம்பரில் வந்த 4.4 பதிப்பில் ‘போஸ்ட்மெட்டா ஃபார்ம் கீஸ்’ என்ற ஃபில்டரைத் திறந்து வைத்தீர்கள். எங்களுக்குத் தேவையான சில பெயர்களை நாங்களே ஒரு சீட்டில் எழுதி நீட்டினால், தேடவே போகமாட்டார்கள். நாலைந்து வரி நிரல், அவ்வளவுதான். இப்படி ஒரு ஜன்னல் இருப்பதை வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பிளகின் ஐந்து நட்சத்திரம் கேட்டு விளம்பரம் ஒட்டியிருந்தது.

கட்டுரைப் பட்டியலுக்கு மேலே உள்ள மாதப் பட்டியலும் இதே ரகம். எந்தெந்த மாதங்களில் கட்டுரை வந்தது என்று அறிய, ஒவ்வொரு கட்டுரையின் தேதியிலிருந்தும் வருடத்தையும் மாதத்தையும் பிரித்தெடுக்கிறீர்கள். அதற்கும் 4.2 முதல் ஒரு ஃபில்டர் உண்டு, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். மாதத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை தேடும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் இல்லை.

தங்கள் இதயத்துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்ட்பீட் என்ற பெயரில் 2013இல் 3.6 பதிப்போடு வந்த ஏற்பாடு அது. நான் டாஷ்போர்டைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாலும் சர்வரை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மொத்த வேர்ட்பிரஸும் எழுந்து உட்கார்ந்து, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் படுக்கும். எடிட்டரில் இதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒரே கட்டுரையை இரண்டு பேர் திருத்தி ஒருவர் வேலையை மற்றவர் அழிக்காமல் காப்பது அதுதான். எங்கள் இரு மூத்தவர்களுக்கிடையே இன்றும் பேச்சுவார்த்தை இருக்கிறதென்றால் அந்தப் புண்ணியம் ஹார்ட்பீட்டுக்குச் சேரும். மற்ற பக்கங்களில் துடிப்பின் இடைவெளியை ஃபில்டர் வழியாக நீட்டிவிட்டேன். தங்கள் உடல்நலத்துக்கு ஒரு கேடும் வரவில்லை.

ஆவணக் காப்பகத்தையும் பார்த்தேன். ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஆட்டோலோடு முத்திரை பெற்ற கோப்புகள் அனைத்தையும், எந்தப் பக்கம் திறந்தாலும் ஒரே கட்டாகத் தூக்கிவந்து மேஜையில் போடுகிறீர்கள். பிளகின்காரர் ஒன்றும் சொல்லாமல் கோப்பைச் சேர்த்தால் ‘ஆம், எப்போதும் தூக்கி வரவும்’ என்று தாங்களாகவே முத்திரை குத்திவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பிளகின் வேலையை விட்டுப் போனாலும் அதன் கோப்புகள் போவதில்லை. எப்போதோ நீக்கிய வாக்கெடுப்புப் பிளகின் ஒன்று, வாக்காளர் யாருமில்லாத அந்தத் தேர்தலின் முடிவுகளை எங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்னமும் சுமந்துகொண்டிருந்தது. 2024இல் 6.6 பதிப்பில் தாங்களே விழித்துக்கொண்டு, இந்தச் சுமை 800 கேபி தாண்டினால் சைட் ஹெல்த் பக்கத்தில் எச்சரிக்கத் தொடங்கினீர்கள். 2003இல் பிறந்த அலுவலகத்துக்கு இது சுறுசுறுப்புதான். தரவுத்தளத்துக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற கோப்புகளின் முத்திரையை மாற்றினேன். காத்திருப்பில் பெரும் பங்கு இங்கேதான் இருந்திருக்கிறது.

நோய் தங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2008 ஜூலையில் 2.6 பதிப்பில் ‘டர்போ’ என்று ஓர் ஏற்பாடு செய்தீர்கள். கூகுள் கியர்ஸ் துணையோடு, நிர்வாகப் பக்கத்தின் ஸ்கிரிப்ட்களையும் படங்களையும் எழுதுபவரின் கணினியிலேயே சேமித்து வைக்கும் திட்டம் அது. நல்ல திட்டம்தான். ஆனால் கோப்புகள் பயணம் செய்யும் தூரத்தைக் குறைத்தீர்களே தவிர, தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளைக் குறைக்கவில்லை. பிற்பாடு கூகுள் கியர்ஸைக் கைவிட்டது, டர்போவும் போயிற்று. பக்கத்தின் மூலையில் பாட்டு வரி காட்டும் ஹலோ டாலி பிளகின் மட்டும் காலங்காலமாகத் தங்களோடு வந்துகொண்டிருக்கிறது. நிர்வாகத்தின் முன்னுரிமைகளில் தலையிட நான் யார்?

இத்தனையும் செய்ததில் சட்டமீறல் உண்டா என்று தாங்கள் கேட்கலாம். கோர் நிரலில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. தொட்டவர்கள் கதை தெரியும்: கஸ்டம் ஃபீல்ட்ஸ் பெட்டியின் தேடலை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள், இரவோடு இரவாகத் தானியங்கிப் புதுப்பிப்பு வந்து எல்லாவற்றையும் பழையபடி எழுதிவிடும். என் திருத்தங்கள் அனைத்தும் மஸ்ட்-யூஸ் பிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரே கோப்பில் இருக்கின்றன. தாங்களே தானாக ஏற்றும் ஃபோல்டர் அது. பிளகின் பக்கத்தில் கைதவறி யாரும் அணைத்துவிடவும் வழியில்லை. ‘நிரலே கவிதை’ என்பது தங்கள் கொள்கை என்று கேள்வி. எங்கள் இதழுக்கு வரும் கவிதைகளையும் நாங்கள் இப்படித்தான் வெட்டுகிறோம், கவிஞருக்குத் தெரியாமல்.

ஆகவே, ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் ஒருவர் டிக்கை எடுத்தால் பெட்டியோடு அதன் வேலையையும் நிறுத்துமாறும், பிளகின் விலகும்போது அதன் கோப்புகளையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுமாறும், ஐந்து நட்சத்திரம் கேட்போரை வாசலுக்கு வெளியே நிறுத்துமாறும் தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். காற்புள்ளி விவகாரம் தீர்ந்தது. கவிஞர் இப்போது அரைப்புள்ளி கேட்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவேற்றுநர்.

இணைப்பு: தணிக்கை அறிக்கை, நிரல் கோப்பு 1.

நகல்:
சர்வர் வாடகைக்கு விட்டவருக்கு – தகவலுக்காக. பெரிய திட்டம் தேவைப்படவில்லை.
டபிள்யூபி-கிரான் அவர்களுக்கு – தளத்துக்கு யாராவது வந்தால்தான் தாங்கள் கண்விழிப்பீர்கள் என்பதால், அடுத்த வாசகர் வரும்போது தக்க நடவடிக்கைக்காக.